கொட்ட மனம் வராத இரத்தம்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலிருந்து போன மாதம் ஒரு டெக்னீஷியன் போன் செய்தார். பழைய ஆட்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுகிறார்களாம், மலர் ஒன்றும் அச்சடிக்கிறார்களாம். அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கையாலேயே செய்தீர்களாமே, ஜாலியாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டேன். குளிர் அறையில் ஒருவர் பூட்டப்பட்டுக் கிடந்த கதை, ஐஸ் பெட்டியில் யாரோ மாம்பழம் வைத்த கதை எல்லாம் அதில் இருக்கிறது. அதில் எழுதாததை இங்கே தமிழில் எழுதுகிறேன். என் பிள்ளைகள் மூவருக்கும் தமிழ் படிக்க வராது என்பதும் ஒரு வசதி.

பேச்சின் நடுவே அவர் ஒன்று சொன்னார். இப்போதெல்லாம் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தால் போதுமாம். வெள்ளை அணுவைப் பிரிக்கத் தனி வடிகட்டி வந்துவிட்டதாம். நல்லது என்றேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

என் அப்பா திருச்சி பொன்மலையிலிருந்து சிகந்திராபாத் லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு மாற்றலாகி வந்தவர். நான் பிறந்தது வளர்ந்தது அந்தக் குவார்ட்டர்ஸில்தான். பி.எஸ்சி. முடித்ததும் என்னையும் பட்டறையில் நுழைத்துவிட அப்பா படாத பாடு பட்டார், கிடைக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த ஆய்வுக்கூடத்தில் இளநிலைத் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் ஆறு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன், உப்புக் கரைசல் கலக்கினேன், எலிக்குத் தீனி போட்டேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு டாக்டர் சபேசன் என்னைத் தன் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் பிரிவில் நடந்த ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உயிரணு ஒவ்வொன்றுக்கும் ஒரு தோல் உண்டு. அது எண்ணெய்ப் படலம் போல மெல்லியது. அந்தப் படலத்தில் புரதங்கள் பதிந்திருக்கின்றன. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொள்வது அவைதான். சில புரதங்கள் படலத்தில் இஷ்டத்துக்கு மிதந்து திரியும். சிலவற்றால் முடியாது. படலத்துக்கு அடியில் வலை போல இன்னொரு புரதம் விரிந்திருக்கிறது, அதோடு இவற்றைக் கட்டிப்போட நடுவில் ஒரு புரதம் நங்கூரமாக நிற்கிறது. நங்கூரம் சரியாக இருந்தால் அணு தன் வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். எது மிதக்கிறது, எது கட்டுண்டு நிற்கிறது என்று பார்ப்பதுதான் சபேசன் சாரின் பிழைப்பு.

இதைப் பார்க்க வசதியானது இரத்தச் சிவப்பணு. அதற்குள் வேறு தட்டுமுட்டுச் சாமான் கிடையாது. தண்ணீரில் ஊதவைத்து உள்ளேயிருக்கும் சிவப்பை வெளியேற்றிவிட்டால் வெறும் தோல் மிஞ்சும். அதற்கு இங்கிலீஷில் கோஸ்ட் என்று பெயர். ஆவி பிடிக்கிற வேலைக்கா அரசாங்கம் சம்பளம் தருகிறது என்று என் மனைவி ஜெசிந்தா கேலி செய்வாள். அந்த ஆவியைத் தயாரிப்பதுதான் என் வேலை. பத்து வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன். பிரிவில் என்னைவிடச் சுத்தமாக அதைச் செய்ய ஆள் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. இரத்தத்தைக் குழாயில் விட்டுச் சுழற்றினால் மேலே வெளிர்மஞ்சளாக நீர் தெளியும், அடியில் சிவப்பு படியும். இரண்டுக்கும் நடுவே ஏடு போல வெள்ளையாக ஒரு மெல்லிய அடுக்கு நிற்கும். அது வெள்ளை அணுக்கள். அவற்றுக்குள் புரதத்தை வெட்டும் சரக்கு இருக்கிறது. ஆகவே அந்த ஏட்டை மட்டும் எடுத்தால் போதாது, அதற்குக் கீழே இருக்கும் சிவப்பிலும் மூன்றில் ஒரு பங்கை உறிஞ்சிக் கொட்டிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளை அணுக்கள் அங்கேயும் கலந்திருக்கும். பிறகு உப்பு நீரில் மூன்று தடவை அலசல், ஒவ்வொரு தடவையும் மேலே கொஞ்சம் கொட்டல். அப்புறம் குளிர்ந்த நீர்த்த கரைசலில் விட்டு ஊதவைத்து, வேகமாகச் சுழற்றி, வெளுக்கும் வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். கடைசியில் குழாயின் அடியில் பாலாடை போல ஆவி படிந்திருக்கும். குழாயைச் சாய்த்து மெல்லத் திருப்பினால் பாலாடை வழுக்கி நகரும், அடியில் கடுகளவு கெட்டியான ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுவும் வெள்ளை அணுவின் மிச்சம்தான். அதையும் உறிஞ்சி எறிந்துவிட வேண்டும். பொட்டோடு நல்ல ஆவியும் கொஞ்சம் போகும், அதைப் பார்த்தால் ஆகாது. வெட்டைத் தடுக்க ஒரு மருந்தும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். தண்ணீரில் விழுந்தால் சீக்கிரமே வீரியம் போய்விடும். அதை நம்பி இருக்க முடியாது.

இரத்தம் எங்களுடையதுதான். காலையில் யாராவது ஒருவர் கையை நீட்டுவோம். முறை வைத்து நோட்டில் எழுதியிருந்தோம்.

சபேசன் சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது புது முடிவைக் கொண்டுபோய்க் காட்டினால் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல மாட்டார். புரதங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும், சாயமேற்றிய ஜெல் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "எத்தனை தடவை?" என்பார். மூன்று தடவை என்றால் தகட்டைக் கீழே வைப்பார், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார். ஒரு தடவை என்றால் தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படித்துக்கொண்டிருந்ததைத் தொடர்வார். அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று மாணவர்கள் ஏங்குவார்கள்.

விஜயலட்சுமி, எங்களுக்கு விஜயா, அங்கே ஆராய்ச்சி மாணவியாக வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அப்பா காஞ்சன்பாக் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. பூர்வீகம் வேலூர்ப் பக்கம், ஆனால் பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ், தெலுங்கு, ஹிந்தி எல்லாவற்றையும் ஒரே தட்டில் பிசைந்து பேசுவாள். என்னை முதல் நாளிலிருந்து அண்ணா என்றாள். மற்ற மாணவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆவி ரெடியா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி பரம்பரை இரத்தசோகை ஒன்றைப் பற்றியது. அந்தக் குழந்தைகளுக்குச் சிவப்பணு எளிதாக உடைந்துபோகும், கண் மஞ்சளிக்கும், மண்ணீரல் வீங்கும். அணுவின் தோலில் நங்கூரம் சரியாக இல்லாததால்தான் உடைகிறது என்பது அவள் ஊகம். ஆய்வுக்கூடத்துப் பட்டறை ஆட்களும் சாரும் சேர்ந்து ஒரு வருடம் மல்லுக்கட்டி ஒரு லேசர் நுண்ணோக்கியைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய தோலில் ஒரு புள்ளியை லேசரால் அழித்தால், சுற்றியிருக்கும் புரதம் நகர்ந்து வந்து அந்தப் புள்ளியை நிரப்புகிறதா என்று பார்க்கலாம். நிரம்பாவிட்டால் புரதம் கட்டுண்டு நிற்கிறது. சீக்கிரம் நிரம்பினால் அவிழ்ந்து மிதக்கிறது.

நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சம்மதித்து, அந்தக் குழந்தைகளின் இரத்தம் தர ஏற்பாடு செய்தார். வழக்கமான சோதனைக்கு எடுக்கும்போது கூடவே கொஞ்சம் நமக்கு. ஐஸ் பெட்டியோடு போய் வாங்கி வருவது என் பொறுப்பு.

அங்கேதான் பிலோமினாவைப் பார்த்தேன். ஒன்பது வயது. அவள் அப்பா சவரிமுத்து லாலாகுடா பட்டறையில் கொதிகலன் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஆரோக்கியமா? நீங்க இருக்கிற எடமா இது? அப்ப சரி. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க. எப்படியாவது ஒரு வழி கண்டுபிடிங்க, தம்பி."

நான் கண்டுபிடிக்கிறவன் இல்லை, பெட்டி தூக்குகிறவன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பெண் அழவே இல்லை. ஊசியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "பஸ், அங்கிள்," என்றாள். போதும் என்கிறாள். குழாயில் மூன்று மில்லி இருந்திருக்கும். அந்தக் கை என் இரண்டு விரல் தடிமன்கூட இல்லை.

அந்தக் குழாயைச் சுழற்றி எடுத்து மேசையில் வைத்தேன். மேலே மஞ்சள், நடுவே வெள்ளை ஏடு, கீழே ஒரு விரற்கடை சிவப்பு. முறைப்படி அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொட்ட வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. இரத்தமே இல்லாத குழந்தையிடமிருந்து எடுத்த இரத்தம். அதைத் தொட்டியில் ஊற்றக் கை வரவில்லை. ஏட்டை மட்டும் மெல்லிய குழாயால், ஒரு துளி சிவப்புகூட வராமல், அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். அலசும்போதும் மேலே கொட்டவில்லை. கடைசியில் அடியில் நின்ற பொட்டையும் விட்டுவிட்டேன், அதோடு பாதி ஆவி போய்விடும் என்பதால். இதெல்லாம் செய்தபோது முறையை மீறுகிறேன் என்று தோன்றவே இல்லை. இன்னும் கவனமாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு வந்த குழந்தைகளின் இரத்தம் எல்லாவற்றையும் அப்படியேதான் செய்தேன். இரண்டு வருடம். எங்கள் இரத்தத்தைக் காலையில் பழைய முறைப்படி செய்வேன், மத்தியானம் வரும் குழந்தைகளின் இரத்தத்தை இந்த முறைப்படி. என் மனதில் இவை இரண்டு முறைகளாக இருக்கவில்லை. கை தானாகச் செய்தது.

விஜயா முதல் முடிவைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது. குழந்தைகளின் தோலில் புள்ளி மளமளவென்று நிரம்பியிருந்தது. ஜெல்லில் நங்கூரப் புரதத்தின் பட்டை மங்கியும், அதன் கீழே துண்டு துண்டாகச் சின்னப் பட்டைகளும். எங்கள் இரத்தத்தில் இது எதுவும் இல்லை. அவள் ஊகித்தது அப்படியே கண்முன் நின்றது. சபேசன் சார் தகட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"எத்தனை தடவை?"

"நாலு குழந்தைங்க சார். ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை."

"இந்தத் துண்டெல்லாம் உடம்புக்குள்ளயே வெட்டுப்பட்டதா, நம்ம குழாய்ல வெட்டுப்பட்டதா?"

"குழாய்ல வெட்டுப்பட்டா நம்ம ரத்தத்துலயும் தெரியணுமே சார்."

சார் என் பக்கம் திரும்பினார். "ரெண்டையும் ஒரே மாதிரிதான் பண்றீங்களா, ஆரோக்கியம்?"

"ஒரே மாதிரிதான் சார்," என்றேன்.

யோசிக்கவே இல்லை. பொய் சொல்கிறோம் என்ற உணர்வு துளியும் இல்லை. அதே மேசை, அதே கரைசல், அதே கை. விஜயாவை அவர் உட்காரச் சொன்னார். அவள் அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

கட்டுரை ஒரு நல்ல இதழில் வந்தது. அதன் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் என் பெயரும் இருந்தது. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம், பட்டம் வாங்கியதும் வா என்று அவளுக்குக் கடிதம் எழுதியது. ஆய்வேட்டை எழுதத் தொடங்கிவிட்டாள். நான்கு மாதத்தில் கொடுத்துவிட வேண்டும். அவள் அப்பா அந்த வருடம் ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தங்கை இரண்டு பேர்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா ஒரு தையல்காரரை அனுப்பினார். அதே நோய், ஆனால் முப்பது வயது ஆள், வேறு குடும்பம். தாராளமாக முப்பது மில்லி கொடுத்தார். அதைக் காலையில் எங்கள் இரத்தத்தோடு சேர்த்துச் செய்தேன். நிறைய இருந்ததால் மூன்றில் ஒரு பங்கைத் தயங்காமல் கொட்டினேன். பொட்டையும் எறிந்தேன். சாயங்காலம் விஜயா வந்து, அந்த ஆளுடைய தோலில் புள்ளி நிரம்பவே இல்லை, நம்முடையது மாதிரியே இருக்கிறது என்றாள்.

"சாம்பிள் ஏதோ கோளாறு, அண்ணா. இல்லன்னா அவருக்கு வேற காரணமா இருக்கும். குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் இல்ல?"

"இருக்கலாம்மா," என்றேன்.

மறுநாள் தொட்டியில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். தையல்காரர் குழாயிலிருந்து உறிஞ்சி வைத்த சிவப்பு பெரிய கண்ணாடிக் குவளையில் அப்படியே இருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றும்போது, இவ்வளவு கொட்டியிருக்கிறோமே என்று நினைத்தேன். அடுத்த நினைப்பு தானாக வந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் இப்படி ஒரு தடவைகூடக் கொட்டியதில்லை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நான் அதை மூட மறந்து நின்றேன்.

எதற்கென்று சொல்லாமல் என் கையிலிருந்தே இரத்தம் எடுக்கச் செய்தேன். ஒரு பாதியை முறைப்படி செய்தேன். இன்னொன்றில் மூன்று மில்லி மட்டும் எடுத்து, குழந்தைகளுக்குச் செய்தது போலவே, அதே பொறுமையோடு, ஏட்டை மட்டும் எடுத்துச் செய்தேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஜெல்லில் ஓடவிட்டு, நீலச் சாயம் ஏற்றி, மறுநாள் காலை சாயத்தைக் கழுவினேன். இடது பக்கம் எல்லாம் ஒழுங்கு. வலது பக்கம் நங்கூரப் பட்டை மங்கி, கீழே துண்டுகள். பிலோமினாவின் தகட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. எனக்கு அந்த நோய் கிடையாது.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இந்த மூன்று நாளுக்கு என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கே ஏற்காது. வீட்டில் ஜெசிந்தா கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சொன்னேன்.

"வேலைக்கு ஏதாவது வந்துடுமா?"

"தெரியல."

"அந்தப் பொண்ணுக்கு?"

தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

நான்காம் நாள் விஜயாவைக் குளிர் அறைக்குக் கூப்பிட்டுத் தகட்டைக் காட்டினேன். எது யாருடையது என்று சொன்னேன். அவள் ஸ்வெட்டர் போடாமல் வந்திருந்தாள். குளிரில் நடுங்கிக்கொண்டே தகட்டைப் பார்த்தாள்.

"நக்கோ, வேணாம் அண்ணா," என்றாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாலு மாசம். நான் சப்மிட் பண்ணிக்கிறேன். அப்புறம் நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க."

"சரிம்மா."

"கைக்கு அண்ணா, கைக்கு அப்படிப் பண்ணீங்க?"

ஏன் செய்தேன் என்று கேட்கிறாள். கொட்ட மனசு வரவில்லை என்றேன். அவள் தகட்டை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே வந்து என் மேசையில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தாள். "என் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. நான் பண்றேன், நீங்க பாருங்க," என்றாள். இரண்டு முறையிலும் தானே செய்தாள். நான் பக்கத்தில் நின்று, குழந்தைகளின் இரத்தத்தில் என்னென்ன விட்டேனோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவளுடைய தகடும் என் தகடு போலவே வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "ஹவ்," என்றாள். ஆமாம் என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு தகட்டையும் எடுத்துக்கொண்டு சாரின் அறைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

சார் ஜன்னல் பக்கம் திரும்பி இரண்டையும் தூக்கிப் பிடித்தார்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு பேர் ரத்தம் சார். அண்ணாவோடது, என்னோடது."

சார் இரண்டையும் மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றினார். "என்னோடதையும் பாருங்க," என்றார்.

அவருடையதும் அப்படியே வந்தது. அந்தத் தகடு தயாரான அன்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இந்த முறை இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த பதினான்கு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு நான் உங்ககிட்ட கேட்டேன், ஆரோக்கியம். ரெண்டும் ஒரே மாதிரியான்னு."

"ஆமா சார்."

"ஒரே மாதிரின்னு சொன்னீங்க."

"ஆமா சார்."

"நான் வந்து நின்னு பார்த்திருக்கணும்," என்றார். "ஒரு தடவையாவது."

எனக்கு ஒரு மெமோ கொடுங்கள் சார் என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன், என் ஃபைலில் ஏதாவது ஒரு தாள் இருந்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். "உங்களுக்கு மெமோ கொடுத்தா இந்தப் பொண்ணுக்கு என்ன கிடைக்கும்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதழுக்குக் கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தயாரிப்பில் நேர்ந்த பிழை என்று மட்டும் எழுதினார், யார் கை என்று எழுதவில்லை. குழந்தைகளின் இரத்தத்தை முறைப்படி மறுபடி செய்து பார்க்க வேண்டும், ஒவ்வொருவரிடமும் பத்து மில்லியாவது வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் எடுத்தீங்க. எல்லாம் வீணுன்னு இப்ப சொல்றீங்க. இனிமே என் குழந்தைங்ககிட்டயிருந்து ஒரு சொட்டு கிடையாது," என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஆக, அந்தக் குழந்தைகளின் நங்கூரம் சரியாக இருந்ததா இல்லையா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தப்பாகப் பார்த்தோம், சரியாகப் பார்க்க வழி இல்லாமல் போயிற்று.

விஜயாவிடம் சார் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்னும் மூன்று வருடம் ஆகும். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டிருந்தது, அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள். கடைசி நாள் உறைபெட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. குழந்தைகளின் ஆவி நிரப்பிய குழாய்கள், ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் பெயர். நீ போம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் ஊற்றினோம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்பள உயர்வுகூட அந்தந்தக் காலத்தில் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் ஆவி தயாரிக்கும் நாளெல்லாம் சபேசன் சார் ஒரு தடவை வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேல் அடுக்கை உறிஞ்சும் வரை நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஐந்து வருடம் அப்படி நின்றார். வேறு தண்டனை எனக்குத் தேவைப்படவில்லை.

எண்பதுகளின் கடைசியில், அவர் ஓய்வு பெறச் சில மாதம் இருக்கும்போது, என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கட்டுரை நகலைக் கொடுத்தார். வெளிநாட்டில் எங்கோ செய்த வேலை. அந்த நோய் உள்ள குடும்பங்கள் சிலவற்றில் நங்கூரப் புரதம்தான் குறைவாக இருக்கிறது என்று காட்டியிருந்தார்கள். முறையாகச் செய்து காட்டியிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு நினைச்சது தப்பு இல்ல, ஆரோக்கியம். நாம காட்டினதுதான் தப்பு. கொண்டுபோய்க் கொடுங்க. தபால்ல வேணாம்."

சிகந்திராபாத்தில் அவள் வேலை பார்த்த வங்கிக் கிளைக்குப் போனேன். மத்தியான நேரம், கூட்டம் குறைந்திருந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். "வாங்கண்ணா, நல்லாருக்கீங்களா?" என்று பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நகலை நீட்டினேன். முதல் பக்கத்தை நின்றுகொண்டே படித்தாள். அப்புறம் உட்கார்ந்து, கடைசிப் பக்கம் வரை படித்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. எனக்காவது அழுகை வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. நான் எதிர்பார்த்து வந்தது வேறு. என்னைத் திட்டுவாள், அல்லது மன்னித்தேன் என்பாள், இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று வந்திருந்தேன்.

அவள் தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பிலோமினா இப்ப எப்படி இருக்கா, அண்ணா? உங்க சர்ச்தானே? பதினேழு வயசு ஆகப்போகுது இல்ல?"

நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவரிமுத்து எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவர் என்று சொன்னேன் அல்லவா. டாக்டரம்மா இரத்தம் கிடையாது என்று சொன்ன அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான் முதல் பூசையை விட்டு இரண்டாம் பூசைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று. லாலாகுடாவில் அவர் குவார்ட்டர்ஸ் என் அப்பா இருந்த வரிசையிலிருந்து மூன்றாவது வரிசை. அதன் வழியாகத்தான் பஸ் பிடிக்கப் போவேன். கதவு திறந்திருக்கிறதா என்றுகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

"தெரியலம்மா," என்றேன். "நான் கேட்கவே இல்ல."

விஜயா டம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு கவுன்ட்டரில் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள். இதை எழுதும் இன்றைக்கும் நான் கேட்கவில்லை.